சல்லடை தயார், விற்கும் விதி எங்கே?

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்கிறேன். 2024 தொடக்கத்திலிருந்து வளர்ச்சிப் பங்குகளை விதிப்படி மட்டுமே தேர்ந்தெடுக்கிறேன். விதிகளுக்குப் பொருந்தும் பங்குகளைச் சல்லடைபோல் சலித்துத் தரும் ஸ்கிரீனர் தளத்தில் நான் போட்டிருக்கும் விதிகள் ஐந்து: ஐந்தாண்டு கூட்டு லாப வளர்ச்சி 25%க்கு மேல், விற்பனை வளர்ச்சி 15%க்கு மேல், ஆர்.ஓ.சி.இ. (தொழிலில் போட்ட மூலதனத்துக்குக் கிடைக்கும் லாப விகிதம்) 20%க்கு மேல், கடன்–மூலதன விகிதம் 0.3க்குக் கீழ், விலை 52 வார உச்சத்திலிருந்து 15%க்குள். தேறி வரும் 30, 40 பங்குகளில் எனக்குப் பிடித்த 12 பங்குகளில் இதுவரை 9 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறேன். இதே விதிகளைப் பத்தாண்டு விலைகளில் பொருத்திப் பார்த்தபோது ஆண்டுக்கு 34% லாபம் வந்தது. ஆனால் 2024 செப்டம்பருக்குப் பிறகு நான்கு பங்குகள் 35% முதல் 50% வரை இறங்கிவிட்டன. விதிப்படி வாங்கியவை என்பதால் விற்கவில்லை. இரண்டில், இறங்கிய விலையில் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்தேன். லாப வளர்ச்சி விதியை 30% ஆக உயர்த்தலாமா, பி.இ. (பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) விதி ஒன்றைச் சேர்க்கலாமா? எந்த எண்ணை மாற்றினால் இது சரியாகும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். 52 வார உச்சத்திலிருந்து 15%க்குள் இருக்கும் பங்கை மட்டுமே வாங்குவது என்பது உங்கள் ஐந்தாவது விதி. அந்த விதியை எழுதிய நாளில் நீங்கள் சந்தை விலைக்கு ஒரு மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். விலை உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிறுவனத்தின் வளர்ச்சியைச் சந்தையும் ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். பிறகு அதே பங்கு உச்சத்திலிருந்து 40% இறங்கியபோது, உங்கள் சல்லடையில் ஒருபோதும் தேறியிருக்காத அந்த விலையில், அதை மேலும் வாங்கினீர்கள். ஆவரேஜ் செய்த இரண்டு முறையும் உங்கள் விதியை நீங்களே மீறியிருக்கிறீர்கள். விதிப்படி வாங்கியதால் விற்கவில்லை என்கிறீர்களே, விற்பதைப் பற்றி உங்களிடம் எந்த விதியும் இல்லை என்பதுதான் உண்மை நிலவரம்.

ஐந்து விதிகளும் வாங்கும் நாளோடு முடிந்துபோகின்றன. தேறிய 40 பங்குகளில் எந்த 12 என்பதை உங்கள் விருப்பம் தீர்மானித்தது. எதில் எவ்வளவு பணம் என்பதை அந்த மாதக் கையிருப்பு தீர்மானித்திருக்கும். எப்போது வெளியேறுவது என்பதை இதுவரை எதுவும் தீர்மானிக்கவில்லை. எனவே 25%ஐ 30% ஆக்குவதா என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்துக்குத் தள்ளுகிறேன்.

விதிகளால் மட்டுமே இயங்கும் ஒன்று எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று பார்க்க விரும்பினால், தேசியப் பங்குச்சந்தையின் நிஃப்டி200 மொமென்டம் 30 குறியீட்டின் விதிமுறை ஆவணத்தை ஒரு முறை படியுங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நிஃப்டி 200இல் உள்ள பங்குகளின் ஆறு மாத, பன்னிரண்டு மாத விலை ஏற்றத்தை அவற்றின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, வரிசையில் முன்னால் நிற்கும் 30 பங்குகளை எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், பட்டியல் மாறும். மாற்றியமைக்கும்போது எந்தப் பங்குக்கும் குறியீட்டின் மொத்தத்தில் 5%க்கு மேல் எடை கிடையாது. அந்த ஆவணத்தில் 'எதை வாங்குவது' என்பதற்கான பகுதி சிறியது. எந்தத் தேதி வரையிலான விலையைக் கணக்கில் எடுப்பது, உள்ளே இருக்கும் பங்கு எந்த நிலையில் வெளியே போகும், எடை எப்படிப் பிரியும் என்பவையே பெரும்பகுதி. அது விலையை மட்டும் பார்க்கும் முறை, உங்களுடையது லாபத்தைப் பார்ப்பது. ஆகவே அதைப் பின்பற்றச் சொல்லவில்லை. 2024 செப்டம்பர் 27 அன்று 26,277 என்ற உச்சத்தைத் தொட்ட நிஃப்டி 2025 மார்ச் தொடக்கம் வரை சுமார் 16% இறங்கிய காலத்தில் அந்த மொமென்டம் குறியீடு அதைவிட அதிகமாகவே விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்தபோதும் அடுத்து என்ன செய்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பதே அதற்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். நீங்கள் கணக்காளர் என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதலாம்.

ஐந்தாண்டு கூட்டு வளர்ச்சி விகிதம் முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டுமே பார்க்கும்; நடுவில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தின் லாபம் 10 கோடியில் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 45, 40, 36, 33, 31 கோடி என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வரும் இந்த நிறுவனத்தின் ஐந்தாண்டு கூட்டு வளர்ச்சி 25.4%, உங்கள் சல்லடையில் சிரமமில்லாமல் தேறிவிடும். வரம்பை 30% ஆக உயர்த்தினால் இது மட்டும் விழும், ஆனால் தொடக்க ஆண்டு லாபம் 8 கோடியாக இருந்த இன்னொன்று அதே தேய்மானத்தோடு உள்ளே வந்துவிடும். ஆகவே எண்ணை உயர்த்துவதை விடுத்து, விதியின் வடிவத்தை மாற்றுங்கள்: ஐந்து ஆண்டுகளில் குறைந்தது நான்கில் லாபம் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்க வேண்டும், கடைசி நான்கு காலாண்டு லாபங்களின் கூட்டுத்தொகை அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளைவிடக் கூடியிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் வளர்ச்சி வரம்பை 20%க்குக் குறைத்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை.

லாபம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு நிறுவன வரியைக் குறைத்தது நினைவிருக்கும். ஏறத்தாழ 35% வரி கட்டிவந்த ஒரு பெரிய நிறுவனம் புதிய 25.17% விகிதத்துக்கு மாறியபோது, விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாமலேயே அதன் நிகர லாபம் 15% வளர்ந்ததாகக் காட்டியது. நிகர லாபத்தை மட்டும் பார்க்கும் சல்லடைக்கு அதுவும் வளர்ச்சிதான். வரிக்கு முந்தைய லாபத்தையும், இதர வருமானம் நீக்கிய செயல்பாட்டு லாபத்தையும் பார்க்கும்படி விதியை அமைத்தால் இந்த மாயை பெருமளவு நீங்கும். ஒரே ஒரு காலாண்டை அதன் முந்தைய ஆண்டுக் காலாண்டோடு ஒப்பிடுவது இன்னும் ஆபத்தானது. பொதுமுடக்கக் காலமான 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மாருதி சுஸுகி 249 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது; 2021இன் அதே காலாண்டில் 441 கோடி லாபம். இதைப் பார்த்து எந்தக் கணினியும் கைதட்டும். ஆனால் 2019இன் அதே காலாண்டில் லாபம் சுமார் 1,436 கோடி என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த 441 கோடி மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பது புரியும்.

நம் சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், வளர்ச்சிப் பங்கின் பாடமாகவே சொல்லத்தக்கது. 2010இல் சுமார் 50 ஆயிரம் வண்டிகள் விற்ற நிறுவனம் 2014இல் 3 லட்சத்தைத் தொட்டது. எந்த வளர்ச்சிச் சல்லடையும் அதைத் தவறவிட்டிருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்த நிறுவனம் ஜனவரி–டிசம்பர் கணக்காண்டிலிருந்து ஏப்ரல்–மார்ச் கணக்காண்டுக்கு மாறியபோது, 2016 மார்ச்சில் முடிந்த அதன் கணக்கு 15 மாதங்களுக்கானது. அதை அப்படியே ஓர் ஆண்டாக எடுத்துக்கொண்ட தரவுத்தளத்தில் அந்த ஆண்டின் வளர்ச்சி ஊதிப்பெருத்தும், அடுத்த 12 மாத ஆண்டின் வளர்ச்சி சுருங்கியும் தெரிந்திருக்கும். கணக்கேட்டைத் திறந்து பார்ப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. சல்லடையை மட்டும் நம்புபவருக்குத் தெரியவே தெரியாது. பின்னாளில் 2017–18, 2018–19 ஆகிய இரு ஆண்டுகளிலும் விற்பனை ஏறத்தாழ 8.2 லட்சத்திலேயே நின்றது. வளர்ச்சிக்காக அந்தப் பங்கை வைத்திருந்தவருக்கு வெளியேறும் விதி ஒன்று இருந்திருந்தால், அது விழித்துக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. 2017இல் 30,000 ரூபாயைத் தாண்டிய பங்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெருமளவு இறங்கியது. நிறுவனம் நல்லதுதான், பங்கும் பிறகு எழுந்தது. ஆனால் உங்கள் விதி தேடுவது வளர்ச்சியை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு விதியை நான் சேர்க்கச் சொல்வேன். ஐந்தாண்டு நிகர லாபத்தின் கூட்டுத்தொகையோடு, அதே ஐந்தாண்டுகளில் தொழிலிலிருந்து வந்த ரொக்க வரத்தின் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். ரொக்கம் லாபத்தில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பங்கை ஒதுக்கிவிடலாம். விற்பனை ஏறிக்கொண்டும் வசூலாக வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறிக்கொண்டும் இருக்கும் நிறுவனங்கள் சிறு நிறுவனப் பங்குகளில் ஏராளம். ஜவுளி வியாபாரத்தில் 'சரக்குப் போயிற்று, பணம் வரவில்லை' என்ற நிலை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விதியும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. ரொக்கத்தையே போலியாக எழுதினால் ரொக்க விதி என்ன செய்யும்? அதற்கு முந்தைய சில வாரங்களில் தெரிந்த அறிகுறிகள் வேறு இடத்திலிருந்து வந்தன: குடும்பத்தாரின் நிறுவனங்களான மேட்டாஸை வாங்கும் முடிவும் அதை உடனே கைவிட்டதும், நிறுவனர் அடமானம் வைத்திருந்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் விற்றதும். நிறுவனர்கள் அடமானம் வைத்த பங்குகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியது அந்த மாதத்தில்தான். இன்று உங்கள் ஸ்கிரீனரில் அடமான விகிதத்துக்கென ஒரு கட்டம் இருக்கிறதே, அது அந்தச் சம்பவம் விட்டுச்சென்றது. அதையும் ஒரு விதியாகப் பயன்படுத்துங்கள்; 5%க்கு மேல் அடமானம் இருந்தால் எனக்கு அந்தப் பங்கு வேண்டாம்.

பி.இ. விதியைச் சேர்க்கலாமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது; சேர்க்கலாம். 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்த இன்ஃபோசிஸ் பங்கை வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். 2000–01 நிதியாண்டில் நிறுவனத்தின் லாபம் இரு மடங்குக்கும் மேல் கூடியது. அவரது பங்கின் விலையோ ஓராண்டில் பாதிக்கும் கீழே போயிற்று. வளர்ச்சிக் கணிப்பு தப்பவில்லை, கொடுத்த விலைதான் தப்பு. கணக்காகச் சொன்னால், பி.இ. 80இல் வாங்கிய பங்கின் லாபம் ஐந்தாண்டுகள் தொடர்ந்து 25% வளர்ந்தும், இறுதியில் சந்தை அதற்கு 30 பி.இ. மட்டுமே கொடுத்தால், உங்களுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 2.7%, வங்கி வைப்பு நிதி அதைவிட மேல். வளர்ச்சிப் பங்குகளுக்கு 20, 25 என்று கறாரான பி.இ. வரம்பு வைத்தால் நல்லவை எல்லாம் போய்விடும் என்பதால், 60க்கு மேல் எதையும் வாங்குவதில்லை என்ற தளர்வான எல்லை போதும்.

உங்கள் 34% கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இன்று சந்தையில் இருக்கும் பங்குகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு பத்தாண்டு பின்னோக்கிப் போயிருக்கிறீர்கள். இடையில் காணாமல் போனவை அந்தப் பட்டியலில் இருக்காது. வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். பங்கு 2021இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாவும் கிடைக்கவில்லை. உங்கள் கடன் விதி அதை எப்படியும் விலக்கியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கடன் குறைவாகக் காட்டியபடியே மறைந்துபோன சிறு நிறுவனங்களும் உண்டு. அடுத்து, மார்ச் மாத ஆண்டுக் கணக்கை வைத்து ஏப்ரல் 1 அன்று வாங்கியதாகக் கணக்கிட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆண்டு முடிவுகளை வெளியிட நிறுவனங்களுக்கு 60 நாள், அதாவது மே 30 வரை அவகாசம் உண்டு. ஏப்ரல் 1 அன்று அந்த எண்கள் உலகத்தில் யாருக்கும் தெரியாது. நல்ல முடிவு வந்த பிறகு ஏறும் விலையை, முடிவு வருவதற்கு முன்பே வாங்கிய கணக்கில் உங்கள் பேக்டெஸ்ட், அதாவது பழைய விலைகளில் விதிகளைப் பொருத்திப் பார்த்த சோதனை, வரவு வைத்துவிட்டது. இந்த இரண்டையும் திருத்தி, 2018 ஜனவரி முதல் 2020 மார்ச் வரையிலான காலத்தைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். சிறு நிறுவனக் குறியீடு பாதிக்கும் மேல் கரைந்த காலம் அது. அந்த இரண்டே கால் ஆண்டுகளை உங்கள் முறை எப்படிக் கடந்தது என்பது பத்தாண்டுச் சராசரியைவிட உங்களுக்குப் பயன்படும்.

இப்போது பங்கை விற்கும் விதிக்கு வருவோம். லாப வளர்ச்சியை நம்பி வாங்கியவர் லாப வளர்ச்சி நின்றால் விற்க வேண்டும். இதுவே முதல் விதியாக இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகளில் செயல்பாட்டு லாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிடக் குறைந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் வெளியேறுவது. 'காரணம் எதுவாக இருந்தாலும்' என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் எப்போதும் இருக்கும். மூலப்பொருள் விலை, மழை, தேர்தல், செங்கடல் கப்பல் போக்குவரத்துத் தடங்கல் என்று நிர்வாகம் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். கணக்காய்வாளர் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே விலகினால் மறுநாளே விற்பது இரண்டாவது விதி. மூன்றாவதாக, வாங்கிய விலையிலிருந்து 25% இறங்கினால் வெளியேறுவது. இந்த மூன்றாவது விதியில் எனக்கே முழு மனநிறைவு கிடையாது. நல்ல பங்குகள் சிலவற்றை அது உதறிவிடும். ஆனாலும் விலை விதியே இல்லாமல் ஒரு பங்கைக் காலவரையின்றி ஆவரேஜ் செய்துகொண்டே மூன்று ஆண்டுகள் வைத்திருந்து, கடைசியில் முதலீட்டில் கால்பங்கோடு வெளியே வந்தவன் நான். அந்த அனுபவத்துக்குப் பிறகு, உதறப்பட்ட பங்கு மறுபடி ஐந்து விதிகளிலும் தேறினால் கூடுதல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விலை விதி காகிதத்தில் இருப்பதுபோல் சந்தையில் நடக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். சிறு நிறுவனப் பங்கு 5% லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட எல்லையில், நாள்தோறும் பூட்டிக்கொண்டால், குறித்த விலைக்கு இறங்கியதும் விற்கச் சொல்லும் உங்கள் ஸ்டாப் லாஸ் ஆர்டரை வாங்க ஆள் இருக்காது. சர்க்யூட் வரம்பே இல்லாத பெரிய பங்குகளிலோ நேர்மாறான சங்கடம்: 2018 செப்டம்பர் 21 அன்று அதே டி.எச்.எஃப்.எல். ஒரே நாளில் 42% விழுந்தது. 25%இல் ஸ்டாப் லாஸ் வைத்தவருக்கும் அந்த விலை கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடைசிப் பாதுகாப்பு, ஒரு பங்கில் எவ்வளவு பணம் போடுகிறீர்கள் என்பதுதான். 9 லட்சத்தை 15 நிறுவனப் பங்குகளில் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 60,000 ரூபாய். 25% இறக்கத்தில் வெளியேறினால் இழப்பு 15,000, மொத்தத்தில் 1.7 சதவீதம்கூட இல்லை. ஒரே நாளில் 42% விழும் பேரிடி வந்தாலும் 25,200 ரூபாய், அதாவது 2.8%. ஒரே தொழில்துறையில் மூன்று பங்குகளுக்கு மேல் வேண்டாம். எந்த 15 என்பதையும் விருப்பத்துக்கு விடாதீர்கள்; தேறியவற்றைக் கடைசி நான்கு காலாண்டு செயல்பாட்டு லாப வளர்ச்சியின்படி வரிசைப்படுத்தி மேலிருந்து எடுங்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 23க்குப் பிறகு, ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி. ஓராண்டு தாண்டினால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5%. இதனால்தான் மாதந்தோறும் சல்லடையை ஓட்டிப் பங்குகளை மாற்றிக்கொண்டிருப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. காலாண்டு முடிவுகள் வந்த பிறகு ஆண்டுக்கு நான்கு முறை பார்த்தால் போதும்.

கையில் இருக்கும் நான்கு பங்குகளை என்ன செய்வது? தனிப்பட்ட பங்குகளைப் பற்றி இங்கே நான் கருத்துச் சொல்வதில்லை. ஆனால் வழி இருக்கிறது. வாங்கிய விலையை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் மேலே சொன்ன முதல் இரண்டு விற்பனை விதிகளிலும், ரொக்க விதியிலும், அடமான விதியிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தவறினாலும் விற்றுவிடுங்கள். நான்கிலும் தேறினால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கும் பகுதியை, குறிப்பாக ஆவரேஜ் செய்து சேர்த்ததை, குறைத்துவிடுங்கள். விற்பதால் வரும் நஷ்டம் வீணாகாது: குறுகிய கால நஷ்டத்தை இரு வகை மூலதன லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்; மீதியை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுசெல்ல, வருமான வரிப் படிவத்தைக் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

ஜூன் காலாண்டு முடிவுகளை வெளியிட நிறுவனங்களுக்கு ஆகஸ்ட் 14 வரை அவகாசம். மறுநாள் சந்தைக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் விடுமுறை. அதற்குள் வாங்கும் விதி, வரிசை விதி, அளவு விதி, விற்கும் விதி நான்கையும் ஒரே தாளில் எழுதித் தேதியிட்டு, வீட்டில் ஒருவரிடம் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள். ஆகஸ்ட் 15 அன்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு 12 பங்குகளையும் சரிபாருங்கள். அடுத்த நான்கு காலாண்டுகளுக்கு அதில் எந்த எண்ணையும் திருத்தாமல் இருந்துவிட்டு, பிறகு உங்கள் முடிவுகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.